ஏர் இறக்கிய வருஷம்

போன மாதம் சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து வருமான வரியைத் திட்டிக்கொண்டே வந்தார். கையில் பத்திரிகை, தோளில் மடித்துப் போட்ட கோட்டு. "சம்பாதிக்கச் சம்பாதிக்க வரியையும் ஏத்திக்கிட்டே போறானுங்க. அப்புறம் எவன் சம்பாதிப்பான்? இருக்கறவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே மாதிரி போட்டுப் பாருங்க. அவனவன் ஒழைப்பான், நாடு தானா வளரும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் தலையை ஆட்டினார். மலைப்பாதை வளைவில் எல்லார் தலையும் ஆடத்தான் செய்யும் என்று நான் விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்க, அந்த மாதிரி வரியிலதானுங்க நான் பொறந்து வளந்தேன்" என்றேன்.

அவர் திரும்பி என் நரைத்த தலையையும் மடியில் இருந்த காய்கறிப் பையையும் பார்த்தார். "எந்த தேசத்துலீங்கம்மா?" என்றார்.

"இந்த மலையிலதானுங்க."

சிரித்துவிட்டு மறுபடி பத்திரிகைக்குள் போய்விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இறங்கி வீட்டுக்கு வருகிற வரைக்கும் வாய்க்குள்ளேயே அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பையை வைத்ததும் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. இத்தனை வயதுக்குமேல் அப்பாவை நினைத்து இப்படி அழுவேன் என்று எனக்கே தெரியாது. அந்த மனிதர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அதை எழுதுகிறேன்.

அவர் சொன்னது நூற்றுக்கு இவ்வளவு என்று எல்லாருக்கும் ஒரே கணக்கு. எங்களுடையது ஏருக்கு இவ்வளவு என்று ஒரே கணக்கு. இரண்டும் ஒன்றா என்று படித்தவர்கள் என்னிடம் சண்டைக்கு வரலாம். வரட்டும். நான் எழுதப் படிக்கக் கற்றதே பின்னால், ஏற்காட்டில் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் துணி வெளுக்கப் போன இடத்தில்தான். எனக்குத் தெரிந்ததைத்தான் என்னால் சொல்ல முடியும்.

செம்மநத்தத்திலிருந்து மேலே ஏறினால் எங்கள் ஊர். நாங்கள் தலைமுறை தலைமுறையாக மலையில் இருக்கிற குடியானவர்கள். சாமை, கேழ்வரகு, கடுகு போடுவோம். வீட்டுக்கு நாலு பலாமரம் நிற்கும். வெள்ளைக்காரத் துரைமார்கள் காப்பி எஸ்டேட் போட்டு மலையைப் பங்கு பிரித்துக்கொண்டு வந்த காலம் அது. எங்கள் ஆட்களுக்கு நிலத்தை அளந்து வரி போடுகிற வழக்கம் கிடையாது. ஒரு வீட்டில் ஏர் இருந்தால் ஏர் வரி. ஏர் இல்லாமல் கொத்தை வைத்துக்கொண்டு செங்குத்துச் சரிவைக் கொத்திப் பிழைக்கிற வீட்டுக்குக் கொத்து வரி. கொத்து வரி குறைவு. ஏர் என்றால் எல்லா ஏரும் ஒன்றுதான். ஓடைக்கரைக் கறுப்பு மண்ணில் சுகமாக ஓடுகிற ஏருக்கும், பாறைக்கு நடுவில் கொழு தேயத் தேய ஓடுகிற எங்கள் ஏருக்கும் ஒரே வரி. மழை கொட்டின வருஷமும் அதுதான், வானம் கையை விரித்த வருஷமும் அதுதான்.

அப்பாவுக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஏர் வரி கட்டுகிறவர் என்றால் ஊரில் ஒரு மதிப்பு. வரி கேட்கிற நாளில் ஊர் மூப்பர் வீடு வீடாக வருவார். ஊருக்குப் பெரியவர் அவர்தான், வரியை வசூல் செய்து சர்க்காருக்குக் கட்டுகிறவரும் அவர்தான். ஒவ்வொருவரும் கலப்பையைக் கழுவி வாசலில் சாத்தி வைக்க வேண்டும். மூப்பர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அன்றைக்கு அப்பா தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்பார். அம்மா உள்ளேயிருந்து, "கல்யாணத்துக்குக்கூட மனுசன் இப்படி நிக்கலை" என்று முணுமுணுப்பாள்.

எங்கள் நிலத்துக்குக் கீழே ஒரு எஸ்டேட் இருந்தது. அதன் கணக்கும் கூலியும் பார்க்கிற ரைட்டர் சேலத்துக்காரர். பலாப்பழம் வாங்க எங்கள் வீட்டுக்கு வருவார். நல்ல மனிதர். பின்னால் இவள் அவரைத் திட்டப்போகிறாள் என்று எதிர்பார்க்க வேண்டாம். திட்டுவதாக இல்லை.

ஒரு நாள் அவர் பலாச்சுளையைத் தின்றுகொண்டே அப்பாவிடம் சொன்னார்: "ஏனுங்க, உங்களுக்கு எத்தனை நல்ல வரின்னு தெரியுங்களா? கீழ் நாட்டுல வெளைச்சல் கூடுனா, வரியக் கூட்டிப்போட ஆபீசரு வந்து நிப்பாருங்க. உங்களுக்கு ஏர் ஒண்ணு, வரி ஒண்ணு. சாமை போட்டாலும் அதேதான், காப்பி போட்டாலும் அதேதான். கூட வர்றதுல ஒருத்தனும் கை வெக்க முடியாதுங்க. எங்க தொரையும் அப்படித்தான வளந்தாரு? ஏக்கருக்கு இவ்வளவுன்னு கட்டிப்போட்டு, மிச்சத்தையெல்லாம் திரும்பவும் மண்ணுலயே போட்டாருங்க."

அப்பா அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கூட வருவதெல்லாம் நமக்கே என்ற பேச்சு அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அவருடைய அப்பனும் அவனுடைய அப்பனும் வீட்டுக்கு மேலே இருந்த எங்கள் மேல்கொல்லையில் சாமை விதைத்துச் சாமை அறுத்தவர்கள். வேறொன்று செய்தால் என்ன என்று அந்த வீட்டில் ஒருவர் யோசித்தது அதுதான் முதல் தடவை. இதை நான் மறைக்க மாட்டேன். அந்த ஒரே மாதிரி வரிதான் என் அப்பாவைக் கனவு காண வைத்தது. விளைச்சலில் பாதியைக் கொண்டா என்று கேட்கிற வரியாக இருந்திருந்தால் அவர் அந்தக் கொல்லையில் ஒரு குழிகூடத் தோண்டியிருக்க மாட்டார்.

மேல்கொல்லையில் சரிபாதியைக் காப்பிக்கு விட்டார். அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள்.

"காப்பியத் திங்கவா முடியும்? புள்ளைக்குப் போட சாமை எங்கீங்க?"

"நாலு வருசம் பொறுத்துக்க புள்ள. அப்புறம் நீயே சாமையக் காசு குடுத்து வாங்கித் திம்ப."

"நாலு வருசம் வவுத்துல ஈரத்துணியக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கட்டுமா?"

"கட்டிக்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர்கள் இருவரும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

குழி தோண்டினது நானும் அப்பாவும். எனக்குக் கல்யாண வயது, உடம்பில் தெம்பு இருந்தது. மாசிமாத வெயிலில் கடப்பாரை பாறையில் பட்டால் தோள்பட்டை வரைக்கும் அதிரும். அப்பா ஒவ்வொரு குழியிலும் இறங்கி நின்று பார்ப்பார். முழங்கால் வரைக்கும் இல்லையென்றால் இன்னும் தோண்டு என்பார். எஸ்டேட் வேலி ஓரத்தில் பறவை போட்ட விதை முளைத்து நின்ற நாற்றுகளை ரைட்டர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மழை பிடித்ததும் நட்டோம். ஒவ்வொரு நாற்றுக்கும் பக்கத்தில் பெரணித் தழையை ஒடித்துச் செருகி நிழல் கட்டினோம். நட்டு முடித்த நாளில் அப்பா கொல்லையின் தலைமாட்டில் நின்று, "கண்ணு, பாத்தியா, குட்டிக் குட்டியா எல்லாம் குடை புடிச்சுட்டு நிக்குது" என்றார். எனக்கு அவரைப் பார்க்கச் சிரிப்பாக வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முதல் வருஷம் ஓடிவிட்டது. பாதிக் கொல்லைச் சாமையும் பலாப்பழமும் வைத்து வரியையும் கட்டிச் சோற்றையும் பார்த்தோம். அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. அதற்கு அடுத்த வருஷமும் ஏமாற்றியது. சாமை முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றது. ஊரில் மற்றவர்களுக்கும் அதே கதிதான். ஆனால் மற்றவர்களுக்கு முழுக் கொல்லையிலும் சாமை, காய்ந்ததில் ஏதோ கொஞ்சம் கிடைத்தது. எங்களுக்குப் பாதியிலேதானே சாமை? மறுபாதியில் காப்பி. நாங்கள் ஓடையிலிருந்து குடம் குடமாகத் தூக்கி ஊற்றின தண்ணீரைக் குடித்துவிட்டுப் பச்சையாக நின்றது. நான் தூங்கி எழுந்தால் இடுப்பு நிமிராது. அம்மா காப்பியைத் திட்டிக்கொண்டே தண்ணீர் சுமப்பாள். ஒரு செடி வாடினால் முதலில் கண்டுபிடிக்கிறவளும் அவள்தான்.

கீழே எஸ்டேட்டிலும் மழை இல்லைதான். துரைக்கும் அதே வானம். ஆனால் அவருக்கு ஐந்து வருஷம் காப்பி வராவிட்டாலும் அடுப்பு எரியும். எங்களுக்கு ஐந்து மாதம் தாங்காது. வரி எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தது. பொறுத்திருக்கிற சக்தி ஒரே மாதிரி இல்லை. பஸ்ஸில் வந்த மனிதரிடம் நான் கேட்க நினைத்தது இந்த ஒன்றைத்தான்.

மாடுகளை விற்றோம். அப்பா ஜோடியைக் குப்பனூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கயிறு மட்டும் தோளில் இருந்தது. அந்தக் காசு ஒரு வருஷ ஏர் வரிக்கும் கொஞ்சம் தானியத்துக்கும் போய்விட்டது. அடுத்த வரி வருகிறபோது வீட்டில் மாடு இல்லை, கலப்பை மட்டும் நிற்கிறது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கலப்பை வாசலில் நின்றால் அது ஒரு ஏர்.

மூப்பர்தான் வழி சொன்னார். அவரை ஊரில் சிலர் மாமா என்போம், சிலர் அண்ணா என்போம், முறை இல்லாத வீடே கிடையாது.

"மாப்பிள்ளை, எதுக்கு நீ இப்படி அல்லாடற? ஏரை எறக்கிப்போடு" என்றார்.

ஏர் இறக்குவது எங்கள் ஊரில் பழைய வழக்கம். ஒரு வீட்டுக்குக் கெட்ட காலம் வந்தால் கலப்பையிலிருந்து இரும்புக் கொழுவைக் கழற்றி மூப்பர் கையில் கொடுப்பார்கள். அவர் அதை மாரியம்மன் கோயில் விட்டத்தில் கட்டித் தொங்கவிடுவார். அந்த வீடு அந்த வருஷத்துக்குக் கொத்து வீடு. கொத்து வரி கட்டினால் போதும். காலம் திரும்பினதும் போய்க் கொழுவை வாங்கிக்கொள்ளலாம். அதுவரைக்கும் அந்த வீட்டு நிலத்தில் ஒருவரும் ஆட்டைக்கூட மேய விட மாட்டார்கள். கொழு அம்மன் கிட்டே இருக்கிறதென்றால் நிலத்துக்கு அம்மன் காவல். மூப்பருடைய அப்பன்கூட ஒரு பஞ்சத்தில் ஏர் இறக்கினவர்தானாம்.

அப்பாவுக்கு மானம் தடுத்தது. கொத்துக்காரன் என்ற பேர் வாங்க வேண்டுமே என்று இரண்டு நாள் திண்ணையிலேயே கிடந்தார்.

"ஏனுங்க, காப்பியக் காப்பாத்தோணுமா, பேரைக் காப்பாத்தோணுமா?" என்று அம்மா கேட்டாள். காப்பியைத் திட்டித் தீர்த்த வாய்தான் அது. "இன்னும் ஒரு வருசந்தான். அது பூத்துருச்சுன்னா ஒண்ணுக்கு ரெண்டு ஏரு கட்டலாமுங்க."

அந்த வார்த்தையில்தான் அப்பா எழுந்தார். கொழுவைக் கழற்றித் துடைத்து எண்ணெய் தடவிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூப்பர் அதை விட்டத்தில் கட்டினபோது நாங்கள் மூவரும் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். வரும்போது அப்பாவுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. வழியில் கொல்லைக்குள் புகுந்து செடிகளைத் தடவிப் பார்த்தார். மார்பு உயரம் வந்திருந்தது. கணுவுக்குக் கணு மொட்டு கட்டுகிற இடம் தடித்திருந்தது. "சாமி, அடுத்த மழைக்கு இது பூத்துரும்" என்று என்னிடம் சொன்னார்.

எங்கள் வழக்கம் எங்களுக்குத் தெரியும். சர்க்காருக்கு என்ன தெரியும்? மூப்பர் கட்டின வரியில் ஒரு ஏர் குறைந்து ஒரு கொத்து கூடியிருந்தது. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. முன்னால் எத்தனையோ வீடுகள் ஏர் இறக்கினபோது அந்த நிலத்தைக் கேட்க ஆள் இல்லை. இப்போது கேட்க ஆள் இருந்தார்.

ரைட்டர் நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கிற ஆட்களோடு வந்தார். பலாப்பழம் கேட்க வருகிற முகம் இல்லை. வாசலில் நின்றபடியே சொன்னார். மேல்கொல்லை ஏர் நிலம். ஏர் வரி கட்டாததால் அது தரிசு என்று சர்க்காரில் முடிவாகிவிட்டது. தரிசு கேட்டுத் துரை எழுதிக் கொடுத்திருந்தார். அவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அப்பாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. "தரிசுங்களா? காப்பி நிக்குதுங்களே. வந்து பாருங்க. நீங்க குடுத்த நாத்துதானுங்க."

"தெரியுமுங்க. ஆனா உங்க ஏர் எங்கீங்க?"

"கோயில்ல இருக்குதுங்க. அம்மங்கிட்ட இருக்குதுங்க."

ரைட்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குக் கண் கலங்கினதை நான் பார்த்தேன். "எனக்கு முன்னமே தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பனுங்க. நெசமாச் சொல்றேன், தெரியாதுங்க" என்றார். பின்னால் நின்ற ஆட்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு கொல்லைக்குள் இறங்கினார்கள். அம்மா ஓடிப்போய்ச் செடிகளுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் அவளைத் தொடவில்லை. சுற்றிக்கொண்டு போய் அளந்தார்கள்.

மூப்பரும் அப்பாவும் நானும் ஏற்காட்டுக்கு நடந்து போனோம். ஆபீசில் இருந்த அதிகாரி நம் ஆள்தான். கோபப்படாமல் உட்கார வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஏர் வரி கட்டினீங்களா, இல்லையா?" என்றார்.

"இல்லீங்க. ஏரை எறக்கிட்டமுங்க."

"கொத்து வரி கட்டினவருக்குச் சரிவு நிலம்தான். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு. துரை வரி கட்டாம விட்டா அவர் நிலமும் இப்படித்தான் போகும்."

"அவரு கட்டாம உடுவாருங்களா?" என்று நான் கேட்டுவிட்டேன். பெண்பிள்ளை ஆபீசில் பேசியதில் அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் முகம் சுருங்கிவிட்டது. அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வருகிற வழியில் மூப்பர் ஒரு பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "நாந்தானே மாப்பிள்ளை சொன்னேன். என் வாயால நாந்தானே சொன்னேன்" என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டார். அப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "உடுங்க மாமா, நம்ம வழக்கத்தத்தானே சொன்னீங்க" என்றார். அப்பாவுக்கே ஆறுதல் சொல்ல ஆள் இல்லை. அவர் போய் அடுத்தவருக்குச் சொல்கிறார். எனக்கு அப்போது அப்பாமேல்கூட ஆத்திரமாக வந்தது. ஒருவர்மேலாவது கோபப்படுங்களேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தி என்ன ஆகப்போகிறது?

பாழாய்ப்போன மழை அந்த வருஷம் சொன்னபடி வந்தது. பங்குனியில் இரண்டு மழை. ஒரு வாரம் கழித்து மேல்கொல்லை முழுக்க வெள்ளையாகப் பூத்தது. காப்பிப் பூவுக்கு மல்லிகை வாசம். காற்று மேலேயிருந்து இறங்கினால் எங்கள் வீட்டுக்குள் அடுப்படி வரைக்கும் வரும். ஊரில் எல்லாரும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி நல்ல வாசம் என்பார்கள், எங்களைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார்கள். அப்பா அந்த நாட்களில் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். வேலி போட்டுவிட்டார்கள். வேலிக்கு வெளியே அம்மா போய் நின்று பார்த்துவிட்டு வருவாள். என்ன பார்த்தாய் என்று அப்பா ஒரு தடவைகூட அவளிடம் கேட்கவில்லை.

சாமைப் பாதியும் அதோடு சேர்ந்து போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சினது வீடும் பலாமரமும் ஒரு துண்டுச் சரிவும். கூலிக்குப் போவது எங்கள் ஆட்களுக்குக் கேவலம். கூலிகளுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் இருந்து எஸ்டேட் வேலை செய்கிறவர்கள் கீழ் நாட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர்கள், பாவம். அவர்களை நாங்கள் கொஞ்சம் இளப்பமாகத்தான் பார்த்திருந்தோம். மலைக்காரன் கூலிக்குப் போகமாட்டான் என்று அப்பாவே பெருமையாகச் சொல்வார். கார்த்திகையில் பழம் பறிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மாவும் நானும் போனோம். சில நாள் கழித்து அப்பாவும் வந்தார். பழம் பறிக்க வரமாட்டேன், மேல்கொல்லைக்குள் கால் வைக்கமாட்டேன், அளந்து மூட்டை கட்டினதை வண்டிக்குச் சுமக்கிறேன் என்றார். ரைட்டர் அப்படியே ஏற்பாடு செய்துகொடுத்தார்.

ஆக, எங்கள் செடியின் முதல் பழத்தை எஸ்டேட் கூலியாக நின்று பறித்தவர்கள் அம்மாவும் நானும்தான். இன்ன செடியை இன்ன குழியில் வைத்தது என்று எனக்கு நினைவிருந்தது. பாறை ஓரத்தில் தண்ணீர் எட்டாமல் இரண்டு தடவை செத்துப் பிழைத்த ஒரு செடி இருந்தது. அதில்தான் கிளை தொங்கத் தொங்கப் பழம். அம்மா அதை என்னைத் தொட விடவில்லை. அவளே பறித்தாள். அவள் கை செடியில் இருக்கும், முகத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், துடைக்கக்கூட மாட்டாள்.

பறிப்பு முடிகிற சாயங்காலம் பழம் அளக்கிற இடத்துக்குத் துரையே வந்திருந்தார். குவியலைக் கையால் அள்ளிப் பார்த்தார். நல்ல சிவப்பு, ஒரே பருமன். அவர் ஏதோ சொல்ல, ரைட்டர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "இந்தத் தோட்டந்தான் எஸ்டேட்டுலயே நல்ல தோட்டமாமுங்க. இப்படியே போனா மலை எங்கேயோ போயிரும்னு தொரை சொல்றாருங்க." அவர் கடமைக்குச் சொன்னார். சொல்லும்போது அப்பா பக்கம் பார்க்கவில்லை. மலை எங்கேயோ போகத்தான் போனது. ரோடு வந்தது, பங்களா வந்தது, சரிவெல்லாம் காப்பி வந்தது. வளரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் கொல்லையும் அதோடு சேர்ந்துதான் வளர்ந்தது.

பெண்கள் வரிசையாகக் கூடையைக் கொட்டிவிட்டு மேஸ்திரி முன்னால் மடியை உதறிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அம்மாவின் முறை வந்தது. அவள் உதறவில்லை. மடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மடியில என்ன?" என்றார் மேஸ்திரி.

அம்மா மடியை இன்னும் இறுக்கினாள். அவர் அதட்டினார். அவள் மற்றக் கையை மடிக்குள்ளிருந்து எடுத்தாள். மூடின கையிலிருந்து ஒரு பழம் நழுவி விழுந்தது. மீதி உள்ளே இருந்தது, ஒரு பிடிகூட இருக்காது.

"எவ ஊட்டுதுன்னு எடுத்த?"

எல்லாரும் நின்றுவிட்டார்கள். துரை ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார். அம்மா வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். சொல்லிவிட்டால் அன்றைக்கே எங்கள் மூவருக்கும் வேலை போய்விடும்.

அப்பா முதுகில் இருந்த மூட்டையை இறக்கினார். நடந்து வந்தார். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவள் விடமாட்டேன் என்றாள். அவர் பிரித்தார். பழங்களைத் தன் உள்ளங்கையில் வாங்கிக் கொண்டுபோய்க் குவியலில் போட்டார். கீழே விழுந்திருந்த ஒன்றையும் குனிந்து எடுத்துப் போட்டார்.

"எஸ்டேட்டுதுங்க" என்றார்.

மேஸ்திரி போ என்று தலையசைத்தார்.

வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அம்மா முன்னால் நடந்தாள். வாசலுக்கு வந்ததும் திரும்பி நின்று அப்பாவைப் பார்த்து, "திருடவா எடுத்தேன்? நீங்கதான் உள்ளயே வரமாட்டேன்னுட்டீங்க. நீங்க வெச்ச மரத்துப் பழத்த ஒருக்கா கையில புடிச்சுப் பாக்கோணும்னு, உங்களுக்குத்தானுங்க எடுத்தேன்" என்றாள்.

அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"புடிச்சுப் பாத்துட்டனே, புள்ள" என்றார்.